அறிந்து அளித்த கருப்பஞ்சாறு



அட்சய திருதியை வந்துவிட்டால் நம் ஜினாலயங்களில் கருப்பஞ்சாறு வழங்குகிறோம். விருஷப தேவர் முதன்முதலாக ஆகாரம் ஏற்ற நாள் அது என்று குழந்தைகளுக்குச் சொல்லி, ஆளுக்கொரு குவளை ஊற்றிக் கொடுத்து வீடு திரும்புகிறோம். நகைக்கடை விளம்பரங்களின் பெருக்கத்தால் அந்நாள் பொன் வாங்கும் நாளாகவே வெளியுலகில் அறியப்படுகிறது. அவ்வரிசையில் நம்மவர் சிலரும் நிற்கக் காண்கிறோம். அதைப்பற்றி இங்கே பேசப் போவதில்லை. அந்தக் கருப்பஞ்சாற்றுக்கு முன்னால் நடந்ததைத்தான் பேசவிருக்கிறோம். பெரும்பாலும் நாம் விரைந்து கடந்துவிடும் பகுதி அது.

பகவான் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணாநிலையில் யோகத்தில் நின்றார். அது நிறைவெய்திய பின், முனிவர் ஆகாரம் ஏற்கும் முறையை உலகினர்க்கு உணர்த்தும் பொருட்டு ஊர்தோறும் நடந்தார். மக்கள் ஓடி வந்து அடி பணிந்தனர். தம்மைக் காத்து, தொழில் கற்பித்து, வாழ வைத்த மன்னர் வெறுங்காலுடன் வருகிறாரே என்று உள்ளம் உருகினர். ஒருவர் யானையைக் கொணர்ந்து நிறுத்தினார். ஒருவர் குதிரையும் தேரும் தந்தார். மணிகளைக் குவித்தனர் சிலர். பட்டாடைகளை விரித்தனர் சிலர். தம் பெண்மக்களையே மணம் செய்து தர முன்வந்தோரும் உண்டு. பகவான் எதனையும் ஏற்காமல் மேலே நடந்தார். பல திங்கள் இவ்வாறே கழிந்தன. அவர் கேட்கவில்லை, கேட்பது முனிவரின் முறையன்று. மக்களுக்கோ தெரியவில்லை. இறுதியில் அத்தினாபுரத்தில் சோமப்பிரப மன்னனின் தம்பியாகிய சிரேயாம்ச குமாரன் பகவானைக் கண்டவுடன் முற்பிறவி நினைவு பெற்றான். அப்பிறவியில் சாரண முனிவர்க்கு ஆகாரம் அளித்த முறை அவன் நினைவுக்கு வந்தது. முறைப்படி எதிர்கொண்டழைத்து, கருப்பஞ்சாற்றை அளித்தான். பகவானும் கையேந்தி ஏற்றார்.

இந்த நிகழ்ச்சியில் நாம் ஆழ்ந்து எண்ண வேண்டியது ஒன்றுண்டு. யானை கொடுத்தவனிடம் அன்பு குறைவா? இல்லை. பொருள் குறைவா? அதுவும் இல்லை. கொள்பவர்க்கு வேண்டுவது யாது என்னும் அறிவு ஒன்றே அவனிடம் இல்லை. கரும்பு அன்று எல்லார் வயலிலும் இருந்திருக்கும். யானை மிகச் சிலரிடமே இருந்திருக்கும். அரிய பொருளை அளித்தவர்களால் இயலாத ஒன்றை எளிய பொருளை அறிந்தளித்தவன் செய்து முடித்தான்.

நம் வீடுகளில் வளரும் பிள்ளைகளை இந்த வெளிச்சத்தில் பார்ப்போம். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் இருக்கும் பிள்ளை கேட்கமாட்டான். கேட்கக் கூடாது என்பதனால் அன்று, தனக்கு என்ன வேண்டும் என்பது அவனுக்கே தெளிவாகத் தெரியாத வயது அது. நாமோ யானையும் குதிரையும் கொண்டு வந்து நிறுத்துகிறோம். சிறப்பு வகுப்புக்குக் கட்டணம், கைப்பேசி, இரு சக்கர வண்டி, நன்கொடை கொடுத்துப் பெற்ற கல்லூரி இடம், அதற்காக விற்ற நிலம். அவன் ஏற்காமல் நின்றால், “இவ்வளவு செய்தும் இவனுக்கு நன்றியில்லை” என்று மனம் நோகிறோம். அவன் எதற்குப் பசித்திருக்கிறான் என்று பார்க்கிறவர் யார்?

விருஷப தேவரின் வரலாற்றில் இவ்வினாவுக்கு விடை தொடக்கத்திலேயே இருக்கிறது. போகபூமியின் காலம் முடிந்து கர்மபூமி தொடங்கும் எல்லையில் நின்றவர்கள் குலகரர்கள். அவர்களுள் முதல்வரான பிரதிசுருதி காலத்தில், ஒளி தரும் கற்பக மரங்களின் ஒளி மங்கியதால் ஞாயிறும் திங்களும் முதன்முறையாக மக்கள் கண்ணுக்குப் புலப்பட்டன. மக்கள் நடுங்கினர். அவர் செய்த முதற்பணி, “அஞ்சாதீர்கள், இவை புதியவை அல்ல, முன்பும் இருந்தவையே” என்று விளக்கியதுதான். வழிகாட்டுவோர்க்கு முதற்கடமை அச்சம் நீக்குதல் என்று இதிலிருந்து கொள்ளலாம். நம்மில் பலர் செய்வது இதற்கு நேர்மாறானது. “இந்த மதிப்பெண் வாங்காவிட்டால் தெருவில் நிற்பாய்” என்றுதான் தொடங்குகிறோம்.

பின்னர் கற்பக மரங்கள் முற்றும் பயன் தாராதொழிந்தபோது மக்கள் நாபி மன்னரிடம் முறையிட, அவர் தம் மைந்தரிடம் அனுப்பினார். விருஷப தேவர் மக்களுக்கு மரத்தைத் திரும்பத் தரவில்லை, தொழிலைத் தந்தார். அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு. வாளேந்திக் காத்தல், மையினால் எழுதுதல், உழவு, கலைகளைக் கற்றுக் கற்பித்தல், வணிகம், கைத்திறன் ஆகியவை அவை. இவ்வாறில் உயர்ந்தது இது, தாழ்ந்தது அது என்று அவர் வகுத்ததாக நாம் எங்கும் காணவில்லை. உழவும் கைத்தொழிலும் எழுத்தோடும் வித்தையோடும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றுள் ஏற்றத்தாழ்வை நுழைத்தவர்கள் பிற்காலத்து நாமே.

வந்தவாசி, செய்யாறு, போளூர், திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் வாழும் நம்மவர்க்கு நிலம் நெடுங்காலம் கற்பக மரமாக இருந்தது. பாகப்பிரிவினையில் அது சிறுத்தது. கிணறுகளில் நீர் இறங்கியது. அதன்பின் ஆசிரியப் பணியும் அரசுப் பணியும் கற்பக மரமாயின. நம் சமூகத்தில் வீட்டுக்கொரு ஆசிரியர் என்று சொல்லத்தக்க நிலை இருந்தது. நாமும் அந்நிழலில் வளர்ந்தவர்களே. அதற்கடுத்துப் பொறியியல் வந்தது. ஒவ்வொரு மரத்தின் கீழும் நாம் கூட்டமாகச் சென்று நின்றோம். மரம் வாடத் தொடங்கியபோது அண்ணாந்து பார்த்தபடி நின்றோம்.

விருஷப தேவர் தம் மக்களுக்குக் கற்பித்த முறை மகாபுராணத்தில் விரிவாக உள்ளது. நம் ஸ்ரீபுராண மரபும் அதனை வழிமொழிவதே. மகள் பிராமிக்கு எழுத்தும், சுந்தரிக்கு எண்ணும் கற்பித்தார். பெண்மக்களுக்கு முதலில் கல்வி தந்த பின்னரே ஆண்மக்களுக்குக் கற்பித்தது அங்கே சொல்லப்படுகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் ஓர் ஆசிரியையாகிய நமக்கு உள்ளம் குளிரும். பரதனுக்குப் பொருள் நூலும் கூத்து நூலும், விருஷபசேனனுக்கு இசை, அனந்தவிசயனுக்கு ஓவியமும் கட்டடக் கலையும், பாகுபலிக்கு மருத்துவம், வில்வித்தை, யானை குதிரைகளின் இயல்பு, மணிகளின் தரம் அறிதல் ஆகியன. ஒரே தந்தையின் மக்கள், ஒரே அரண்மனை. ஆனால் கல்வி ஒன்றன்று. மைந்தர்கள் அனைவரையும் ஒரே பாடத்தில் அமர்த்தியிருந்தால் தந்தைக்கு வேலை எளிதாயிருக்கும். அவர் ஒவ்வொருவரையும் பார்த்தார்.

இவ்வாறு பாராமல் செல்வோர்க்கு நேர்வதற்கும் அதே வரலாற்றில் சான்று உண்டு. பகவான் துறவு பூண்டபோது அவருடன் நாலாயிரம் மன்னர்களும் துறந்தனர். கச்சன், மகாகச்சன் முதலியோர் அவர்களுள் அடங்குவர். தம் தலைவர் செய்வதால் தாமும் செய்தனரே தவிர, துறவு என்பது யாது, தம்மால் இயலுமா என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. சில திங்களிலேயே பசி வாட்டியது. மேலும் நிற்க முடியவில்லை. நகருக்குத் திரும்பினால் பரதன் என்ன செய்வானோ என்னும் அச்சத்தால் வீடு திரும்பவும் துணியவில்லை. காட்டில் கனியும் கிழங்கும் தின்று, மரவுரி உடுத்து, அங்குமிங்குமாய்த் திரிந்தனர்.

முன்னே செல்லவும் முடியாது, வீட்டுக்குத் திரும்பவும் முகமில்லை என்னும் இந்நிலையை நாம் புராணத்தில் மட்டும் காணவில்லை. கல்லூரி விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தேறாத பாடங்களை எண்ணிக்கொண்டு இருக்கும் இளைஞர் பலர் அந்நாலாயிரவரே. அவர்களுள் ஒருவரை அங்கே அனுப்பியவர் நாம். அதனைச் சொல்லாமல் இவ்வுரையை மேலே கொண்டு செல்ல நமக்கு உரிமையில்லை.

2004ஆம் ஆண்டு என்று நினைவு. ஆலயத் திருவிழா முடிந்து மண்டபத்தில் அமர்ந்திருந்தோம். நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவனை அவன் தந்தையார் அழைத்து வந்தார். பையன் பத்தாம் வகுப்பு முடித்து, பன்னிரண்டாம் வகுப்பும் எழுதியிருந்தான். படிப்பில் நடுத்தரம். ஆனால் ஊரில் யார் வீட்டு நீரிறைக்கும் மோட்டார் நின்றுவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளி மின்விசிறியைக் கூட அவன் சரிசெய்ததை நாம் கண்டிருக்கிறோம். தந்தையார், “என்னம்மா படிக்க வைக்கலாம்? நீங்கள் சொன்னால் சரி” என்றார். நாம் ஒரு நொடியும் எண்ணவில்லை. “பொறியியலில் சேர்த்துவிடுங்கள். இப்போது எல்லாரும் அதில்தான் சேர்கிறார்கள்” என்றோம். பையன் தூணருகே நின்றிருந்தான். வாய் திறக்க முற்பட்டது போலவும் இருந்தது. அப்போது பிரசாதம் வந்தது, பேச்சு மாறிவிட்டது.

ஒரு காணி நிலம் விற்றுச் சேர்த்தார்கள். பாடங்கள் அனைத்தும் ஆங்கிலத்தில்; கணக்கு அவனுக்குப் பிடிபடவில்லை. பட்டம் பெற நான்கு ஆண்டுகள் போதவில்லை. பெற்ற பின்னும் அத்துறையில் வேலை கிடைக்காமல், பட்டத்துக்குத் தொடர்பில்லாத விற்பனை வேலைகளில் ஊர் ஊராக அலைந்தான். தந்தையார் இதற்கிடையில் காலமானார். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாள் நம் இல்லத்துக்கு வந்தான். கோபமில்லை. பேசிக்கொண்டிருந்தபோது இயல்பாகச் சொன்னான்: “டீச்சர், அன்றைக்கு ‘பையன் என்ன சொல்கிறான்’ என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்திருப்பார்.”

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. தீய எண்ணத்தோடு சொல்லவில்லையே, நன்மையைத்தானே நாடினோம் என்று மனம் வழக்காடியது. ஆனால் நம் சமயம் அவ்வழக்கை எளிதில் ஏற்பதில்லை. ஹிம்சைக்கு அடிப்படை பிரமாதம், அதாவது கவனமின்மை, என்றே நம் ஆசாரியர்கள் வரையறுத்தார்கள். விளக்கை மூடாமல் வைத்து விட்டில் மடிந்தால், “நான் கொல்லவில்லை” என்று சொல்லி ஒதுங்க முடியாது. ஒரு பிள்ளையின் வாழ்வைப் பற்றிக் கேளாமல் சொல்லும் சொல் மூடாத விளக்கைப் போன்றதே. கொடை, பேறு, போகம், உபபோகம், ஆற்றல் ஆகிய ஐந்தையும் தடுப்பது அந்தராய வினை. பிறருடைய ஆற்றல் வெளிப்படுவதற்குக் குறுக்கே நிற்பவர்க்கு அவ்வினை கட்டும். அறிவுக்கு இடையூறு செய்தலும், தெரிந்ததை மறைத்தலும் ஞானாவரணத்துக்குக் காரணம் என்று தத்துவார்த்த சூத்திரம் வகைப்படுத்துகிறது. “கைத்தொழில் செய்யும் பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்?” என்று மண்டபத்தில் அமர்ந்து நாம் பேசும் பேச்சு எவ்வகையில் சேரும் என்று அவரவர் எண்ணிக்கொள்ளட்டும்.

தமிழில் ஆலோசனை என்றால் பிறர்க்குச் சொல்லும் யோசனை. நம் ஆகமத்திலோ தன் குற்றத்தைக் குருவின் முன் ஒளிக்காமல் எடுத்துரைப்பதுதான் ஆலோசனை. முதல்வகை ஆலோசனையை வாழ்நாளெல்லாம் வழங்கிய நாம் இரண்டாம் வகையை எழுபது வயதில் கற்கத் தொடங்கினோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1964ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட கல்விக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் இயற்பியல் அறிஞர் தௌலத் சிங் கோத்தாரி. சமண மரபில் தோன்றியவர். 1966இல் வெளிவந்த அவ்வறிக்கை, எல்லா மாணவர்க்கும் கையால் செய்யும் தொழில் அனுபவம் கல்வியின் உறுப்பாக இருக்க வேண்டும் என்றது. உயர்நிலைக் கல்வியில் தொழிற்பிரிவுகள் பெருக வேண்டும் என்றது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது நாம் அதனைத் தேர்வுக்காகப் படித்தோம். நல்ல மதிப்பெண் பெற்றோம். பெற்றது மதிப்பெண் மட்டுமே என்பது தூணருகே நின்ற அந்தப் பையனிடம் வெளிப்பட்டது.

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களில் சாத்திரதானம் என்பது நூல் அச்சிட்டு வழங்குவதோடு முடிந்துவிடுவதில்லை. தான் நடந்த வழியைப் பின்னே வருபவர்க்கு உள்ளபடி சொல்வதும் அதன் பாற்படும் என்று கருதுகிறோம். ஆகவே, ஓய்வு பெற்ற சிலர் சேர்ந்து ஞாயிறுகளில் ஆலய மண்டபத்தில் பிள்ளைகளோடு அமர்கிறோம். பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேடு கொடுத்து, ஒருவரும் சொல்லாமல் தாமாகவே விரும்பிச் செய்ததை ஒரு திங்கள் எழுதிவரச் சொல்கிறோம். “என்ன ஆகப் போகிறாய்?” என்று கேட்பதில்லை; அக்கேள்விக்குப் பிள்ளைகள் நாம் மகிழும் விடையைத்தான் தருவார்கள். குறிப்பேடு பொய் சொல்வதில்லை. ஒரு பெண் மாட்டுத் தீவனக் கணக்கை வாரந்தோறும் தேதியிட்டு எழுதியிருந்தாள். அவளுக்கே தெரியாமல் அவளுள் ஒரு கணக்காளர் இருந்தார். பிறகு நம்மவருள் ஒருவர் வந்து தம் தொழிலைப் பற்றிப் பேசுவார். வெற்றியை மட்டும் சொல்லலாகாது. முதற்சம்பளம், முதல் தவறு, எந்தத் திறன் இல்லாமல் அவதிப்பட்டார், இவற்றையும் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. பட்டறைக்கும் மருந்தகத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். கடைசல் எந்திரத்தின் முன் அரைமணி நின்ற பையன் ஒருவன், “இந்த இரைச்சல் எனக்கு ஆகாது” என்று தெளிந்தான். அதுவும் பயன்தானே.

செய்தி அறியாமையால் மூடப்படும் கதவுகள் பல. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தவன் அங்கேயே நின்றுவிடுவான் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவன் பாலிடெக்னிக் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் முடித்தவன் பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். கையில் தொழிலோடு ஏறும் படி அது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, உதவித்தொகை பெற்றுக்கொண்டே தொழிற்சாலையில் பழகும் வழியும் உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேர்ச்சி பெற்றுத் தேர்வான ஏழைப் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ. 12,000 கிடைக்கும் என்பது நம் சிற்றூர்களில் எத்தனை தாய்மார்க்குத் தெரியும்? 2014ஆம் ஆண்டு சனவரியில் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். அதனால் கிடைக்கும் கல்வி உதவிகளுக்குச் சான்றிதழ் வாங்கி வைக்காமல், கடைசி நாளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடுவதே நம் வழக்கமாயிருக்கிறது.

“பிள்ளை விரும்பியதற்கெல்லாம் தலையாட்ட வேண்டுமா?” என்று ஓர் அன்பர் சினந்து கேட்டார். வேண்டியதில்லை. பார்ப்பது வேறு, இசைவது வேறு. உயிர்க்கொலையில் வாழும் தொழில் சாவகர்க்கு ஆகாது என்னும் எல்லை எந்நாளும் உண்டு. ஆனால் அவ்வெல்லையைக் காட்டுமுன் அது எங்கே இருக்கிறது என்று நாமே சரிவர அறிந்திருக்க வேண்டும். தவளையை அறுக்க வேண்டுமே என்பதற்காக விலங்கியல் படிக்க விடாமல் நிறுத்தப்பட்ட பெண்கள் நம் வகுப்பில் இருந்தனர். 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு பட்ட வகுப்புகளில் அவ்வாறு விலங்குகளை அறுப்பதை நிறுத்துமாறு அறிவித்தது. அதன் பின்னரும் பழைய காரணத்தையே சொல்லிக்கொண்டிருப்போர் உளர். உயிர்களை அறிந்து காக்க விழையும் பெண்ணைத் தடுப்பது எவ்வகை அஹிம்சை?

பெண்மக்கள் என்றதும் வந்தவாசியை அடுத்த வேடல் நினைவுக்கு வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டில் கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரும் அவருடைய ஐந்நூறு மாணவியரும் குறிக்கப்படுகின்றனர். அக்காலத்தில் நம் பள்ளிகளில் பெண்ணாசிரியரும் மாணவியரும் அவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள். அந்த மண்ணிலேயே, “பெண் வெளியூர் சென்று தங்கிப் படிக்க வேண்டுமா?” என்று இன்று நம்மிடம் கேட்கிறார்கள்.

நாலாயிரம் மன்னர்களின் கதையை இடையில் விட்டோம். பகவான் கேவல ஞானம் எய்திய பின் மரீசி ஒருவன் நீங்கலாக அவர்கள் மீண்டும் வந்து, இம்முறை அறிந்தே துறவு ஏற்றனர் என்று புராணம் கூறும். முதலில் வழி தவறியவர் என்று அவர்களைப் பகவான் வாயிலில் நிறுத்தவில்லை.

நம் மாணவரும் முப்பது வயதைக் கடந்தபின் மோட்டார் பழுதுபார்க்கும் தொழிலுக்கே திரும்பினார். சிறு பட்டறை, இரண்டு பையன்கள் பழகுகிறார்கள். இழந்த நிலம் திரும்பவில்லை. தந்தையார் அந்தப் பட்டறையைப் பார்க்கவுமில்லை. சென்ற அட்சய திருதியை அன்று அவரை மண்டபத்துக்கு அழைத்தோம். பேசச் சொன்னோம், பேச்சு வராது என்றார். அதற்கு மாறாக, எரிந்துபோன மோட்டார் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டு வந்து, மண்டபத் தரையில் விரித்து, ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி வைத்தார். கருப்பஞ்சாறு குடித்த கையோடு பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். செப்புக் கம்பிச் சுருளை எண்ணிப் பார்க்கச் சொல்லிச் சுருளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். சற்று நேரத்தில் கூட்டம் கலைந்தது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் எழுந்திருக்காமல், விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் தாயார் வீட்டுக்கு நேரமாயிற்று என்று கூப்பிட வாயெடுத்தார். அவர் கையைப் பற்றி, சற்றுப் பொறுக்கச் சொன்னோம்.